ரெண்டு மிதிக் கார்

போன வாரம் கதையை என் நாத்தனார் கல்யாணப் பந்தலில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பந்தலுக்கு வெளியே ஒரு பச்சைக் கார் நின்றதாக ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாசகர்கள், அந்தக் கார் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். பந்தல் எங்கேயும் ஓடிவிடாது. காரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பசுவந்தனையில் ஒரு நிச்சயதார்த்தம். முடிந்து கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் ஊறிப்போய், விதைத்த உளுந்து அப்போதுதான் முளைத்திருந்தது.

காரில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். ஓடைப் பாலத்துக்கு ஏறுகிற சின்ன ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. அவர் மிதிக்க மிதிக்க அது உறுமியது, சக்கரம்தான் உருளவில்லை. பிறகு வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் ஒரு பஸ். இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு கண்டக்டர் இறங்கி வந்தார். கூடவே ஏழெட்டுப் பேர். நானும் இறங்கினேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிக்கியில் கைவைத்துத் தள்ளினேன். கரிசல் மண் ஈரமாக இருந்தால் செருப்பைத் திருப்பித் தராது. ஒற்றைச் செருப்போடு தள்ளினேன்.

கண்டக்டர் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார்.

“சார், நீங்களும் கொஞ்சம் எறங்குனா வெயிட்டு கொறையும்லா. ஸ்டியரிங்க நான் பிடிச்சிக்கிடுதேன்.”

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ள வந்தவர்களில் ஒருவர் கண்டக்டரைத் தோளில் தட்டிக் காதில் ஏதோ சொன்னார். கண்டக்டர் அவசரமாக நிமிர்ந்து, “தள்ளுங்கப்பா, தள்ளுங்க” என்று தானும் வந்து கை கொடுத்தார்.

பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் கார் ஓடிப் பிடித்துக்கொண்டது. 

மூன்றாவது மிதி எங்கே?

வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள் நான். எழுதினால் குறையாது என்று அவரே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். அவர் பெயர் தனுஷ்கோடி.

நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார். வெளியே கம்பு. ஆனால் ஊரில் அவர் கம்போடு நடந்து பார்த்தவர்கள் குறைவு. ஏனென்றால் அவருக்கு இருபது வயதானபோதே என் மாமனார் ஒரு காரியம் செய்துவிட்டார்.

தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஒன்றில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொந்த ஊர் திரும்பும்போது தன்னுடைய அமெரிக்கக் காரை விற்றார். பச்சை நிறம். முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அதில் கியர் தானாக மாறும். க்ளட்ச் கிடையாது. வலது காலுக்கு இரண்டு மிதி, இடது காலுக்கு வேலையே இல்லை. மாமனார் அதை மகனுக்காக வாங்கினார்.

லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி காருக்குள் தலையை விட்டு வெகுநேரம் தேடினாராம்.

“க்ளட்ச் எங்கன இருக்கு?”

“இல்ல சார்.”

“கழட்டிட்டீங்களா?”

“இல்ல சார், வைக்கவே இல்ல.”

அதிகாரி நம்பவில்லை. தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். அன்றிலிருந்து ஊரில் அதற்கு ‘ரெண்டு மிதிக் கார்’ என்று பெயர்.

எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்று புரிந்தது. அந்த ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் மற்ற எல்லோரையும் போலத்தான். வங்கி வாசலில் மானேஜர் வெளியே வந்து ஜன்னலில் சாய்ந்து பேசுவார். கல்யாண வீட்டில் தாம்பூலம் காருக்கே வரும். பெரிய மனுஷன், இறங்க மாட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவரும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வாசலோடு எஞ்சின் அணைய வேண்டும்

எங்களுடையது தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். மருந்து முக்குகிற அறை, குச்சி அடுக்குகிற கொட்டகை, எங்கள் வீடு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். கார் ஷெட்டு கடைசியில்.

மாமனார் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. வாசலுக்கு உள்ளே எந்த வண்டியும் எஞ்சினோடு வரக் கூடாது. லாரி ஆனாலும் சரி, கலெக்டர் ஜீப் ஆனாலும் சரி, வாசலோடு அணைத்துவிட வேண்டும். புகைக் குழாயிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். பக்கத்து ஊரில் ஓர் ஆபீஸ் எரிந்து போனதைப் பார்த்தவர் அவர். பீடி, சுருட்டு, எஞ்சின் மூன்றும் எங்கள் வாசலுக்கு வெளியேதான்.

அதனால் எங்கள் கார் வாசல் வரை ஓடி வரும். பிறகு நாலு பேர் தள்ளி ஷெட்டுக்குக் கொண்டுபோவார்கள். காலையில் தள்ளி வெளியே விட்டபிறகுதான் என் வீட்டுக்காரர் சாவியைத் திருகுவார். அப்படித் தள்ளுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. சட்டம் எல்லா வண்டிக்கும் பொதுவாயிற்றே.

காரைத் தூத்துக்குடியில் ஒரு வயதான மெக்கானிக்தான் பார்த்துவந்தார். அவர் காலமானதும், இனி யாரையும் நம்புவதற்கில்லை என்று இவரே ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு, பூஜைக்கு முன்னால், ஷெட்டுக்குள் சுவரைப் பிடித்து நின்று பானெட்டைத் திறப்பார். எண்ணெய் பார்க்கிற கம்பிகளை உருவிப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, விட்டுப் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனுஷன். பிள்ளைகளுக்குப் பல் முளைத்ததைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டு வழி

ஓடைப் பாலத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று ஏற்றங்களில் கார் நின்றது. நோய் கியர் பெட்டியில் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதோடு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

மாற்றிவிடலாம் என்றது ஒரு கட்சி. அதன் தலைவர் என் கொழுந்தன் ஜெயபால். அந்த வருஷங்களில் பழைய பெரிய கார்களுக்கு டீசல் வேன் எஞ்சினும் கியர் பெட்டியும் பொருத்துவது எங்கும் நடந்துகொண்டிருந்த வேலை. பத்து நாளில் முடியும். எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்கலாம். ஆனால் க்ளட்ச் வந்துவிடும். டிரைவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரித்துச் சரிசெய்யலாம் என்பது இன்னொரு கட்சி. அதில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். உள்ளே தேய்ந்த தட்டுகளைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். மதுரையில் யாரோ அந்த மாதிரிப் பெட்டியைப் பிரித்திருக்கிறாராம். திரும்பச் சேர்த்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

“மதினி, நீங்க சொன்னா அண்ணன் கேப்பாவ” என்றான் ஜெயபால். “அம்பதத் தொடப் போறாவ. டிரைவர் ஓட்ட, பின்னால சாஞ்சு உக்காந்து போகட்டுமே. அதுல என்ன கொறச்சல்?”

கெட்ட எண்ணத்தில் சொன்னவன் இல்லை. அன்றைக்குப் பாலத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கியவன் அவன்.

நான் எந்தக் கட்சி என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுகிற கட்சிதான். என் அம்மா வீடு புதூரில். டிரைவர் என்று ஓர் ஆள் இருந்தால், நினைத்த நேரத்தில் காரில் ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். அவர் ஒழிந்த நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்; மொபசல் பஸ்ஸில் நசுங்க வேண்டாம். இத்தனைக்கும் இரண்டே மிதி இருந்த அந்தக் காரை நானே ஓட்டிப் பழகியிருக்கலாம். வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

“நீயே ஒரு முடிவு பண்ணு. வண்டியக் கிருஷ்ணசாமிகிட்ட அனுப்பிட்டேன். மாத்தச் சொன்னாலும் சரி, பிரிக்கச் சொன்னாலும் சரி. நான் அங்கன வரல.”

“ஏன் வரல?”

“என் காலத்துல அத அக்கு அக்காக் கழட்டுதத நான் பாக்கணுமா?”

கம்பியில் இருந்த எழுத்து

கிருஷ்ணசாமி இடைசெவல்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் தமிழ். கோவில்பட்டி மெயின் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஆபீஸ் லாரிகள் அவரிடம்தான் போகும். நான் போனபோது பச்சைக் கார் இரண்டு லாரிகளுக்கு நடுவில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

“மாத்திருங்க” என்ற சொல்லை வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

“ஒக்காருங்கக்கா. பொய் சொல்ல மாட்டேன், நான் இந்தப் பெட்டியத் தொறந்ததே இல்ல” என்றார். “தொறக்கதுக்கு முன்னால எல்லாத்தயும் கழுவிப் பாக்குதது என் வழக்கம். கழுவுனேன். இதப் பாருங்க.”

கியர் பெட்டியின் எண்ணெயை அளக்கிற நீளக் கம்பியை நீட்டினார். டீசலில் ஊறவைத்துத் தேய்த்ததில், வருஷக்கணக்கான கறை போய்ப் பொடி எழுத்தில் இங்கிலீஷ் தெரிந்தது.

“எழுத்துத் தெரியுது, கூட்டிப் படிக்க வரல. நீங்க காலேஜு படிச்சவிய.”

கல்யாணத்தால் பாதியில் நின்ற என் பி.ஏ. படிப்புக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது. வாசித்தேன். வண்டி சூடாக இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்கவும் என்று இருந்தது.

கிருஷ்ணசாமி கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அண்ணாச்சி எப்பிடிப் பாக்காவ?” என்று கேட்டார்.

“ஷெட்டுக்குள்ளதான் பாக்காவ. எங்க காம்பவுண்டுக்குள்ள எஞ்சின் ஓடக் கூடாதுல்லா.”

“அதான்” என்றார். “லாரி எஞ்சின் ஆயில அணைச்சிட்டுத்தான் பாக்கணும். நானும் இதயும் அப்பிடித்தான் பாத்திருப்பேன். ஆனா இது வேற சாதி. ஓடும்போது ஆயிலு பெட்டி பூரா ஏறி நிக்கும். அணைச்சா எல்லாம் கீழ எறங்கிரும். அந்நேரம் பாத்தா கோட்டுக்கு மேலதான் காட்டும்.”

 எங்கள் ஷெட்டு அலமாரியில் மூன்று பாட்டில்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் கார் பராமரிப்பை ஏற்றுக்கொண்ட முதல் வெள்ளிக்கிழமை, எண்ணெய் கோட்டுக்கு மேலே நிற்கிறதே என்று பதறி, மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தது. கூடுதல் எண்ணெய், கசிவைத் தடுக்கிற ரப்பர் சீல்களை உடைத்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார். எடுத்ததை வீணாக்காமல் மூடி போட்டுத் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அன்றிலிருந்து வாராவாரம் சரியாகக் கோட்டிலேயே நிறுத்திவந்தார். கியர் பெட்டி ஒரு வருஷத்துக்கும் மேலாக அரைப்பட்டினி கிடந்திருக்கிறது.

எஞ்சினை ஓடவிட்டுக் கிருஷ்ணசாமி கம்பியை உருவினார். நுனி காய்ந்து வந்தது.

நான் ஆபீசுக்கு போன் பண்ணினேன். வாட்ச்மேன் சைக்கிளில் மூன்று பாட்டில்களையும் கொண்டுவந்தார். நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்த அந்த எண்ணெயைக் கிருஷ்ணசாமி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மூன்றும் உள்ளே போயின. பட்டறையில் வேறொரு வண்டிக்காக வைத்திருந்த அதே ரக எண்ணெயில் இன்னும் அரை பாட்டில் பிடித்தது.

கிருஷ்ணசாமி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக நகர்ந்தது. கதிரேசன் மலைப் பக்கத்து ஏற்றம் வரை போய்த் திரும்பினோம். எங்கும் நிற்கவில்லை.

“உள்ள தட்டு கொஞ்சம் கருகித்தான் இருக்கும், வாசம் சொல்லுது” என்றார் கிருஷ்ணசாமி. “ஆனா மாத்தவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஓடுத பெட்டியத் தெரியாதவன் பிரிச்சா, பிரிச்சதுதான் மிச்சம்.”

யார் சொல்வது

புறப்படும்போது அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

“அக்கா, ஒரு பைப்பு லீக்கு, அடைச்சிட்டேன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருதேன். அவிய மனசு நோக வேண்டாம்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனுஷரிடம் போய், நீங்கள் பார்த்ததுதான் வினை என்று யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற கதை. சரி, அப்படியே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பட்டறை வாசல் வரை வந்தேன்.

வாசலில்தான் நினைவு வந்தது. அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் மறுபடி ஷெட்டில் கம்பியை உருவுவார். கோட்டுக்கு மேலே மூன்றரை பாட்டில் நிற்கும். குழாயை எடுப்பார்.

திரும்பிப் போய், “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்” என்றேன்.

சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன். கம்பியில் இருந்த எழுத்தையும் சொன்னேன், அலமாரி பாட்டில்களையும் சொன்னேன். எதையும் மெழுகவில்லை. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். காப்பியில் ஆடை படிந்தது.

“எத்தன பாட்டிலு பிடிச்சுது?” என்றார்.

“மூணர.”

“மூணு நான் எடுத்தது. அர, அதுக்கு முன்னாலயே தானாக் கொறஞ்சிருக்கும்.”

அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை, எழுத்து ஏன் மறைந்தது என்று கேட்கவில்லை. தன் பிழையை அரை பாட்டில்கூடக் குறைக்காமல் அளந்து எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷ வாழ்க்கையில் எனக்கு அவர்மேல் கோபம், பிரியம், சலிப்பு எல்லாம் வந்திருக்கின்றன. மரியாதை என்று ஒன்று முழுசாக வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவரே கேட்டார்: “எஞ்சின் ஓடும்போதுதான் பாக்கணும்னா, இனிம எங்கன வச்சுப் பாக்கது?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. காம்பவுண்டுக்குள் எஞ்சின் ஓடக் கூடாது. வாசலுக்கு வெளியே ரோடு. காரை அங்கே நிறுத்தி, அவர் இறங்கி, கம்பை ஊன்றி நிற்க வேண்டும். காலை வேளையில் இருநூறு பெண்கள் வேலைக்கு நடந்து வருகிற ரோடு அது.

“வாட்ச்மேனப் பாக்கச் சொல்லலாம்ணே” என்றான், கேட்டுக்கொண்டே உள்ளே வந்த ஜெயபால். “இல்லாட்டிக் கிருஷ்ணசாமி வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். 

வெள்ளிக்கிழமை

குளித்து, வேட்டி கட்டி, காரைத் தள்ளச் சொல்லி வாசலுக்கு வெளியே கொண்டுபோனார். சாவியைத் திருகினார். பத்து நிமிஷம் ஊருக்குள் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு திரும்பி வந்து, வாசலுக்கு எதிரே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து முதலில் கம்பு இறங்கியது. பிறகு அவர்.

நான் வாசல் தூணை ஒட்டி நின்றிருந்தேன். கூடப் போக வேண்டும் போலிருந்தது. போனால் கோபித்துக்கொள்வார் என்று தெரியும், நின்றுவிட்டேன்.

காருக்கு முன்னால் போகப் பன்னிரண்டு எட்டு. எண்ணினேன். வேட்டிக்குக் கீழே அந்தக் கால் தரையில் படிந்தும் படியாமலும் இழுபட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்கள் தூக்குச் சட்டிகளோடு கூட்டமாக வந்தார்கள். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. முதலாளி ரோட்டில் நின்று யாரும் பார்த்ததில்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். கழுத்துப் பின்னால் வியர்த்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

குச்சி அடுக்குகிற பேச்சியம்மா கூட்டத்திலிருந்து விலகிக் காரை ஒட்டி வந்தாள். ஆபீசில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள், குரல் சின்னதாக வராது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மொதலாளிக்கு எடது காலா?” என்றாள். “நான் இத்தன வருசமா வலதுன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

கூட்டத்தில் யாரோ அவள் முதுகில் இடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கம்பியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

“எடதுதான் தாயி. முந்தானையப் பிடிச்சிக்கோ, உள்ள ஃபேன் சுத்துது.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய் சரியாக இருக்கிறதா என்று தானும் எட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டு உள்ளே போனார்கள்.

கியர் பெட்டியை மாற்றவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. புதூருக்கு நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். அவர் அதற்கப்புறம் வங்கி வாசலில் காரை நிறுத்தினால், மானேஜர் வெளியே வரும்வரை காத்திருப்பதில்லை. இறங்கி உள்ளே போய்விடுவார்.